ரெண்டு வேளை சோறு வைத்தால் போதுமா? ஊருக்குப் போகும்போது நாய் விஷயத்தில் நடக்கும் தவறுகள்

போன பொங்கலுக்கு எங்கள் அடுக்ககத்தின் மூன்றாம் மாடிக்காரர்கள் ஐந்து நாள் திருநெல்வேலிக்குப் போனார்கள். வீட்டுச் சாவி, அரிசி டப்பா, வேகவைத்து ஃப்ரீசரில் வைத்த கோழி எல்லாவற்றையும் வாட்ச்மேன் அண்ணனிடம் காட்டிவிட்டு, "ரெண்டு வேளை சோறு வெச்சா போதும்ணே, அது சமத்து" என்று சொல்லிக் கிளம்பினார்கள். மறுநாள் சாயங்காலம் அண்ணன் என் கதவைத் தட்டினார். "மூணு தடவை வெச்சேன் சார், வாயே வைக்கல. தட்டையும் என் மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பார்க்குது. எச்சில் ஒழுகுது, ஆனா தொட மாட்டேங்குது. எறும்பு மொய்க்குதேன்னு எடுத்துட்டேன்."

லாப்ரடார் சாப்பிடவில்லை என்றதுமே எனக்குச் சந்தேகம். ஊருக்கு போன் போட்டோம். எதிர்முனையில் கொஞ்சம் அமைதி, பிறகு ஒரு அலறல்: "அய்யோ, 'எடுத்துக்கோ'ன்னு சொல்லணுமே!" குட்டியிலிருந்தே பழக்கிய வார்த்தையாம். அண்ணன் சொன்னார். அரை நிமிடத்தில் தட்டு பளபளவென்று காலி.

அக்கம்பக்கத்து நாய்களைப் பல வருடமாகப் பார்த்துக்கொள்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். நாயை ஒப்படைக்கிறோம், சாவியை ஒப்படைக்கிறோம், பணமும் கொடுக்கிறோம். அந்த நாயைப் பற்றி நம் மண்டைக்குள் இருப்பதை மட்டும் ஒப்படைக்க மறந்துவிடுகிறோம். நமக்கு அது தகவலாகவே தெரிவதில்லை. தினமும் செய்கிற காரியம், அவ்வளவுதான். நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் இதில்தான் வந்து முடிகின்றன.

கடைசி நேரத்தில் இடம் தேடுவது

டிக்கெட் போடும்போதே நாய்க்கும் இடம் பேசிவிட வேண்டும். தீபாவளி, பொங்கல், மே மாதம் மூன்றிலும் நல்ல போர்டிங் (காசு வாங்கிக்கொண்டு நாயைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம்) எல்லாம் முன்கூட்டியே நிரம்பிவிடும். மிச்சம் இருப்பது ஏன் மிச்சம் இருக்கிறது என்று யோசிக்க அப்போது நமக்கு நேரம் இருக்காது.

இடத்தைவிட முக்கியம் ஊசி. முந்தின நாள் ஓடிப்போய் தடுப்பூசி போட்டு, அட்டையில் முத்திரை வாங்கிக் கொண்டுவந்து விடுகிறவர்கள் உண்டு. அட்டை திருப்தியாகிவிடும், உடம்பு ஆகாது. ஊசி போட்டு எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு வாரமாவது ஆகும். ரேபீஸ் ஊசியும், குடலைத் தாக்கும் பார்வோ, நுரையீரலையும் நரம்பையும் தாக்கும் டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல் எல்லாம் சேர்ந்த ஊசியும் நடப்பில் இருக்க வேண்டும். பல நாய்கள் கூடும் இடம் என்பதால் நாய்க்கு நாய் தொற்றும் இருமலான கென்னல் காஃப் ஊசியைப் பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள். குட்டிக்கு ஊசித் தொடர் முழுதாக முடியவில்லை என்றால் போர்டிங் பேச்சே வேண்டாம். பார்வோ கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சாதாரணமாகக் கழுவிவிட்டால் போகாது.

போர்டிங்கை போனில் பார்த்து முடிவு செய்வது

இன்ஸ்டாகிராமில் புல்வெளி, குட்டி நீச்சல் குளம், தொப்பி போட்ட கோல்டன் ரிட்ரீவர். நேரில் போனால் மாடியில் தகரக் கொட்டகை. எல்லா இடமும் அப்படி என்று சொல்லவில்லை, ஆனால் நேரில் போகாமல் பணம் கட்டாதீர்கள். சொல்லாமல் போனால் இன்னும் நல்லது.

போனதும் மூக்கு முதலில் சொல்லும். பினாயில் வாடை தூக்கலாக இருந்தால் இப்போதுதான் கழுவியிருக்கிறார்கள், மூத்திர வாடை தூக்கலாக இருந்தால் கழுவுவதே இல்லை. அடுத்தது கதவு. வெளிக் கதவுக்கும் நாய் இருக்கும் அறைக்கும் நடுவில் இன்னொரு கதவு இருக்கிறதா? ஒரே கதவு என்றால், யாரோ ஒருவர் கூரியர் வாங்கத் திறக்கிற அந்த நிமிடத்தில் உங்கள் நாய் தெருவில் நிற்கும். பிறகு, "ராத்திரி இங்க யார் படுத்திருப்பாங்க?" என்று கேளுங்கள். "கேமரா இருக்கு சார்" என்று பதில் வந்தால் ஆள் இல்லை என்று அர்த்தம். வலிப்பு வந்தால் கேமரா எழுந்து வராது. மே மாதம் என்றால் கரன்ட் போனால் என்ன செய்வார்கள் என்றும் கேட்க வேண்டும். பக் மாதிரி மூக்கு சப்பையான நாய்க்கு வெக்கை உயிரையே எடுத்துவிடும்.

சுவர் வெடிப்புகளைப் பார்க்க மறந்துவிடாதீர்கள். நம் ஊரில் நாயைப் பிடிக்கும் பழுப்பு உண்ணி, இரத்தம் குடித்து முடித்ததும் இறங்கிப்போய் இப்படி விரிசலில்தான் ஆயிரக்கணக்கில் முட்டை இடும். அங்கே நாலு நாள் தங்கிய நாய் உண்ணிக் காய்ச்சலோடு வீடு திரும்பலாம். ஆனால் திரும்பும் அன்று ஒன்றும் தெரியாது. கடித்து ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள்தான் காய்ச்சல், சோர்வு, வெளிறிய ஈறு, சில நாய்க்கு மூக்கில் இரத்தம் என்று வெளியே வரும். அதற்குள் நாம் போர்டிங் விட்டதையே மறந்திருப்போம், டாக்டரிடமும் சொல்ல மாட்டோம். போவதற்கு முன்பே உண்ணி மருந்து கொடுத்துவிடுங்கள். வந்ததும் காது மடிப்பு, விரல் இடுக்கு, பெல்ட்டுக்கு அடியில் தடவிப் பாருங்கள். அடுத்த மூன்று வாரத்தில் நாய் மந்தமானால் டாக்டரிடம் முதல் வார்த்தையாக "போர்டிங்கில் இருந்தது" என்று சொல்லுங்கள்.

முதல் தடவையே பத்து நாள் விடாதீர்கள். அதற்கு முன் ஒரு ராத்திரி விட்டுப் பார்த்தால் உங்களுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

பெண் நாய்க்கு ஹீட் தேதி பார்க்காமல் விடுவது

கருத்தடை செய்யாத பெண் நாய் சுமார் ஆறேழு மாதத்துக்கு ஒரு முறை ஹீட்டுக்கு, அதாவது இணை சேரும் பருவத்துக்கு, வரும், மூன்று வாரம் போல நீடிக்கும். அந்தத் தேதியில் பயணம் விழுந்தால் போர்டிங் வேண்டாம். "தனித்தனியாத்தான் வெச்சிருப்போம்" என்பார்கள். அப்படி வைத்திருந்த ஒரு வீட்டு ஸ்பிட்ஸ், கணக்காக 63 நாள் கழித்து நாலு குட்டி போட்டது எனக்குத் தெரியும். ஒன்றுகூட ஸ்பிட்ஸ் மாதிரி இல்லை.

"எங்க டைகர் ஒண்ணும் பண்ணாது"

நாய் வளர்ப்பவர் சொல்லும் பொய்களில் அதிகம் புழங்குவது இது. உங்களை ஒன்றும் பண்ணாது, சரி. எலும்பு வாயில் இருக்கும்போது யாராவது கிட்டே போனால்? தூங்கும்போது தொட்டால்? மழைக்கோட்டு போட்டவரைப் பார்த்தால்? வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். சொன்னால் பார்த்துக்கொள்ள மாட்டார்களோ என்று மறைத்து, அவர்கள் கையில் கடி வாங்கிய பிறகு மன்னிப்புக் கேட்பதில் பிரயோஜனம் இல்லை. கடி பட்டால் உடனே சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதையும், நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் போக வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். தடுப்பூசி அட்டையின் போட்டோ அவர்கள் போனில் இருக்கட்டும்.

நம் நாட்டு நாய்களில் இன்னொரு விஷயம். வெள்ளை ராஜபாளையத்தில் சிலதுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வீட்டுக்காரர் கையசைத்தே பழகியிருப்பார், அதனால் அவருக்கு அது குறையாகவே தோன்றாது. பார்த்துக்கொள்ள வந்தவர் தெருவில் நின்று பேர் சொல்லிக் கத்திக்கொண்டிருப்பார்.

ஓடிப்போவது

ஆள் மாறிய முதல் இரண்டு நாள்தான் கண்டம். நாய் உங்களைத் தேடும். கதவு திறந்தால் பாயும், பெல்ட்டிலிருந்து தலையை உருவிக்கொள்ளும். பெல்ட்டுக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழையலாம், மூன்று நுழைந்தால் தளர்வு. தோளோடு சேர்த்து மாட்டும் ஹார்னஸ் இன்னும் பாதுகாப்பு. எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும், நீங்கள் வரும்வரை வெளியே கயிற்றை அவிழ்க்கக் கூடாது என்று ஒரு வரி. தீபாவளி என்றால், வெடிச் சத்தம் தொடங்குவதற்கு முன்பே வெளியே கூட்டிப்போய் வந்துவிட வேண்டும் என்று இன்னொரு வரி.

கழுத்தில் தொங்கும் வில்லையில் உங்கள் நம்பர் இருக்கும். நீங்கள் அப்போது விமானத்திலோ, சிக்னல் கிடைக்காத மலையிலோ இருப்பீர்கள். நாயைக் கண்டுபிடித்த நல்லவர் மூன்று முறை அடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார். பார்த்துக்கொள்பவரின் நம்பரை ஒரு துண்டு டேப்பில் எழுதி பெல்ட்டில் ஒட்டுங்கள். தோலுக்கு அடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப் இருந்தாலும் இதைச் செய்யுங்கள். அதைப் படிக்கும் ஸ்கேனர் தெருவில் யாரிடமும் இருக்காது.

பாசத்தில் செய்யும் தவறுகள்

கிளம்பும் நாளில் "பாவம், இனி அஞ்சு நாள் நம்மள பார்க்காது" என்று பிரியாணி கொடுத்துவிட்டுப் போவார்கள். வயிற்றுப்போக்கை அள்ளுவது வேறொருவர். புது இடத்தில் புதுச் சாப்பாடும் வேண்டாம். வீட்டில் சாப்பிடுகிற அதே டிரை ஃபுட்டையோ அதே சோற்றையோதான் கொடுத்தனுப்ப வேண்டும், இரண்டு நாளுக்குக் கூடுதலாக. முதல் நாள் சாப்பிடாமல் இருப்பது சகஜம், அதற்கு பதற்றம் வேண்டாம். இரண்டாம் நாளும் தொடவில்லை என்றாலோ வாந்தி இருந்தாலோ டாக்டர்.

பார்த்துக்கொள்பவரும் பாசக்காரராக இருப்பார். கேசரியில் கிடக்கும் திராட்சை, குழம்பு வெங்காயம், சாக்லேட் மூன்றும் நாய்க்கு விஷம். அதைவிட ஆபத்து, உடம்பு சூடாக இருக்கிறதே என்று கொடுக்கும் பாராசிட்டமால். நாயின் உடம்பு இயல்பாகவே நம்முடையதைவிடச் சூடு, 101 முதல் 102.5 டிகிரி வரை இருக்கும். தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று முடிவு கட்டக் கூடாது.

சோற்றை நிரப்பி வைத்துவிட்டு ஆளே இல்லாமல் இரண்டு நாள் பூட்டிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். தயிர்சாதம் நம் வெயிலில் சாயங்காலமே புளித்துவிடும், தண்ணீர்ச் சட்டி கால் பட்டால் கவிழ்ந்துவிடும். போதிய உணவும் தண்ணீரும் கொடுக்காமல் விடுவதும், குட்டைச் சங்கிலியில் நெடுநேரம் கட்டிப்போடுவதும் 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றம்.

டாக்டர், பணம், மாத்திரை

ராத்திரி பதினோரு மணிக்கு நாய் துடிக்கிறது, செலவு எட்டாயிரம் ஆகும் என்கிறார்கள், உங்கள் போன் கிடைக்கவில்லை. அந்தப் பக்கத்து வீட்டு அக்கா என்ன செய்வார்? முடிவெடுக்கப் பயந்து விடியும்வரை காத்திருப்பார். எனவே கிளம்பும் முன்பே, இத்தனை ரூபாய் வரை கேட்காமல் வைத்தியம் பார்க்கலாம் என்று வாட்ஸ்அப்பில் எழுதி, உங்கள் டாக்டருக்கும் அதை அனுப்பிவிடுங்கள். ராத்திரியில் திறந்திருக்கும் மருத்துவமனை எது என்றும் குறித்துக் கொடுங்கள். சென்னையில் என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆட்டோக்காரருக்கே தெரியும். வலிப்பு மாத்திரை சாப்பிடும் நாய்க்கு வேளை தவறவே கூடாது, திடீரென்று நிறுத்தினால் வலிப்பு திரும்ப வரும். மூன்று நாளுக்குக் கூடுதலாக வைத்துவிட்டுப் போங்கள். ரயில் தாமதமாகலாம்.

கூடவே கூட்டிப்போகலாமே என்றால், ரயிலில் ஏசி முதல் வகுப்பில் கூபேயையோ (இரண்டு பேர் அறை) கேபினையோ (நாலு பேர் அறை) முழுதாக எடுத்தால்தான் நாய் நம்முடன் வரும். இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் உள்ள நாய்க் கூண்டு. கூண்டில் போவதைவிட வாட்ச்மேன் அண்ணன் மேல்.

மூன்றாம் மாடிக்காரர்கள் சித்திரையில் மறுபடி ஊருக்குப் போனார்கள். இந்த முறை ஃப்ரிட்ஜில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. முதல் வரி: "எடுத்துக்கோ என்று சொன்னால்தான் சாப்பிடும்." கீழே இன்னும் பத்து வரி. கடைசியில் அண்ணன் தன் கையெழுத்தில் ஒன்றைச் சேர்த்திருந்தார்: "லிப்டில் கண்ணாடியைப் பார்த்துக் குரைக்கும். படியில் கூட்டிப்போகவும்." ஊரிலிருந்து வந்தவர்கள் அதைப் படித்துவிட்டு, "அப்படியா?" என்று நாயைப் பார்த்தார்கள்.