டிரெய்லரோடு நடன வார இறுதி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்கொயர் டான்ஸ் என்பது எட்டுப் பேர் சதுரமாக நின்று, ஒருவர் சொல்லும் கட்டளைக்கேற்ப ஆடும் ஆட்டம். அந்த ஆட்ட வார இறுதிகளுக்கு, படுத்துத் தங்கும் வசதியுள்ள டிரெய்லரை வண்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு வரும் புதியவர்கள் ஒவ்வொரு சீசனிலும் யாராவது இருக்கிறார்கள். ஆட்கள்தான் புதிது, தவறுகள் பழையவை. நாங்கள் செய்ததையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள், பாதுகாப்புச் சங்கிலியை மாட்டுங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. டிரெய்லரை விற்றவரே சொல்லியிருப்பார். வெள்ளி இரவு ஆட்டம், சனி மதியம் பயிற்சி வகுப்பு, இரவு பெரிய ஆட்டம், இடையில் ஒரு மியூசியம் என்று அமெரிக்காவில் நிதானமாகப் போய்வரும் பயணத்துக்கே உரிய தவறுகள் சில உண்டு. அவற்றை மட்டும் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை இருட்டிய பிறகு போய்ச் சேர்வது

அலுவலகம் முடிந்து ஐந்து மணிக்குக் கிளம்பினால் போதும் என்று நினைப்பார்கள். டிரெய்லரோடு போகும்போது வரைபடம் காட்டும் நேரம் உங்களுக்குப் பொருந்தாது. டிரெய்லரை நிறுத்தித் தங்கும் கேம்ப்கிரவுண்டில் ஒன்பது மணிக்கு நுழைவார்கள். மனைவி டார்ச்சோடு பின்னால் நிற்பார், கணவர் ஜன்னலை இறக்கிவிட்டுக் கத்துவார், மரங்களுக்கு நடுவே ரிவர்ஸ் எடுப்பார்கள். அந்தப் பக்கம் ஹாலில் காலரின், அதாவது ஆட்டத்துக்குக் கட்டளை சொல்பவரின், குரல் கேட்டுக்கொண்டிருக்கும். அன்றைய ஆட்டம் போச்சு. வெள்ளி அரைநாள் விடுப்பு எடுங்கள்.

ஹேர் டிரையர்

கேம்ப்கிரவுண்டின் 30 ஆம்பியர் மின் இணைப்பில் கிடைப்பது மொத்தம் 3,600 வாட். ஏசியும் வெந்நீர் ஹீட்டரும் ஓடும்போது டிரையரையும் போட்டால் பிரேக்கர் விழும். சனி மாலை ஆறரைக்கு, சட்டையும் பெட்டிகோட்டும் மாட்டிக்கொண்டிருக்கும்போதுதான் விழும்.

புது ஷூ

வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை மியூசியத்தை “போகிற வழியில்தானே” என்று நினைப்பது

எனக்கு இன்னும் எரிச்சல் தீராத தவறு இதுதான். கேம்ப்கிரவுண்டை ஞாயிறு பதினோரு மணிக்கோ பன்னிரண்டுக்கோ காலி செய்ய வேண்டும். வீட்டுக்குப் போகும் வழியில் ஊருக்குள் நல்ல மியூசியம் ஒன்று இருக்கும். டிரெய்லரை மாட்டியாயிற்று, அப்படியே போய் இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டுக் கிளம்பலாம், இன்னொரு இரவுக்கான வாடகை மிச்சம் என்று கணக்குப் போடுவார்கள்.

அந்தக் கணக்கில் வண்டியின் நீளம் இல்லை. இழுக்கும் பிக்கப் டிரக்கும் ஓர் இடைத்தர டிரெய்லரும் சேர்ந்தால் ஐம்பது அடியை நெருங்கும். சாதாரண பார்க்கிங் கட்டம் இருபது அடிகூட இருக்காது. பேருந்துகளுக்கென்று பெரிய இடம் ஒதுக்கியிருப்பார்கள், ஆனால் காவலர் உங்களை அங்கே விடமாட்டார். அடுக்குமாடி பார்க்கிங்கை நினைக்கவே வேண்டாம். கூரை ஏசியோடு சேர்த்து டிரெய்லரின் உயரம் பத்து அடியைத் தாண்டும். வட கரோலினாவின் டர்ஹாமில் ஒரு ரயில் பாலம் 11 அடி 8 அங்குல உயரத்தில் நின்று வண்டிக் கூரைகளை உரித்தே பெயர் வாங்கியது. 2019-ல் அதை 12 அடி 4 அங்குலத்துக்கு உயர்த்தினார்கள். அப்புறமும் இடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். தன் வண்டியின் உயரம் தெரியாமல் ஓட்டுகிறவர்கள் அத்தனை பேர். உங்களுடையதை டேப் வைத்து அளந்து டாஷ்போர்டில் எழுதி ஒட்டுங்கள்.

அடுத்தது திருப்பங்கள். பிக்கப் போன தடத்தில் டிரெய்லர் சக்கரம் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். வலப்பக்கம் திரும்பும்போது நடைபாதை ஓரமும் கம்பமும் அதற்கு இரை. சக்கரத்துக்குப் பின்னால் நீண்டிருக்கும் வால்பகுதி எதிர்ப்பக்கமாக வீசும், கண்ணாடியில் அது சரியாகத் தெரியாது. நெடுஞ்சாலையில் இதெல்லாம் பெரிதாகத் தோன்றாது. பழைய நகரத்தின் குறுகிய தெருவில்தான் குணத்தைக் காட்டும்.

எங்களோடு ஆடிய ஒரு தம்பதி அப்படித்தான் போனார்கள். பார்க்கிங் வாசலில் நுழைந்த பிறகுதான் உள்ளே திருப்ப இடமில்லை என்று தெரிந்திருக்கிறது. பின்னால் கார்கள் வரிசை கட்டி ஹாரன் அடிக்கின்றன. பதற்றத்தில் ரிவர்ஸில் ஸ்டியரிங்கை ஒரேயடியாக ஒடித்துவிட்டார். டிரெய்லர் மடங்கி, பிக்கப்பின் பின்மூலை டிரெய்லரின் முன்சுவரில் ஏறிவிட்டது. ஃபைபர்கிளாஸ் சுவர் பிளந்தால் ஒட்டுப்போட்டுச் சமாளிக்க முடியாது. பணிமனையில் அந்தக் கோடை முழுவதும் நின்றது வண்டி. மிச்சம் பிடிக்க நினைத்தது ஓர் இரவு வாடகை. மியூசியத்துக்குள் காலே வைக்கவில்லை.

அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. “நாங்கள் போனோமே, தாராளமாக இடம் இருந்ததே” என்று முந்தைய இரவு அவர்களுக்கு யோசனை சொன்னவர்கள் மேல்தான். ஒருமுறை தப்பித்ததை அனுபவம் என்று நினைத்து அடுத்தவர் தலையில் கட்டுகிறார்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். டிரெய்லரை ஓரிடத்தில் நிறுத்தினால், வீட்டுக்குக் கிளம்பும் வரை அசைக்காதீர்கள். மியூசியத்துக்கு வெறும் பிக்கப்பில் போங்கள். ஞாயிறு இரவுக்கும் இடம் பதிவு செய்யுங்கள். முடியாவிட்டால் மாலைவரை தங்கிப்போகலாமா என்று கேம்ப்கிரவுண்ட் அலுவலகத்தில் கேளுங்கள், ஞாயிறன்று கூட்டம் வடிந்துவிடுவதால் பல இடங்களில் சின்னக் கட்டணத்தோடு சம்மதிப்பார்கள். வாஷிங்டன் என்றால் பிக்கப்கூட வேண்டாம். மேரிலாந்து பக்கம் கிரீன்பெல்ட் பார்க்கில் டிரெய்லரை விட்டுவிட்டு மெட்ரோவில் போகலாம். அங்கே மின், தண்ணீர் இணைப்பு கிடையாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இதற்கு விதிவிலக்கு என்று எனக்குத் தோன்றுவது இந்தியானாவின் எல்கார்ட்டில் இருக்கும் ஆர்வி (தங்கும் வசதியுள்ள வண்டிகள்) மியூசியம். 1913-ல் செய்த டிரெய்லரைக் காட்சிக்கு வைத்திருக்கும் இடம் அது, டிரெய்லரோடு வருகிறவர்களைப் பார்த்துப் பழகியவர்கள்.

தெரியாத நிலை ஆட்டத்தில் நுழைவது

ஆட்டத்தில் நிலைகள் உண்டு. மெயின்ஸ்ட்ரீம் என்ற அடிப்படை நிலை மட்டும் தெரிந்தவர், அதற்கு அடுத்த நிலையான பிளஸ் ஸ்கொயரில் நின்றால், மீதி ஏழு பேரும் அவரோடு சேர்ந்து சிக்கிக்கொள்வார்கள். காலர் காத்திருக்க மாட்டார், அடுத்த கட்டளைக்குப் போய்விடுவார். அந்தச் சுற்றில் (டிப் என்போம்) ஆடாமல் உட்கார்ந்து பாருங்கள்.

சனிக்கிழமை முழுவதும் மியூசியத்தில் நிற்பது

இரண்டு மணி நேர ஆட்டத்தைவிட, கல் தரையில் நின்று நின்று நடப்பது காலை அதிகம் வாட்டும். காலையில் ஒரு பகுதியைப் பாருங்கள், திரும்பி வந்து காலைத் தூக்கிவைத்துப் படுங்கள். சொந்தக் கட்டில் பக்கத்திலேயே இருக்கிறது, அதற்குத்தானே டிரெய்லர்? பெரிய மியூசியம் என்றால் தனி நாள் ஒதுக்குங்கள். மிச்சிகனின் டியர்பார்னில் ஹென்றி ஃபோர்டு மியூசியத்தில் விமானி லிண்ட்பெர்க்கின் டிரெய்லர் நிற்கிறது. அந்த வளாகத்திலேயே, ஃபோர்டு தன் நடன ஆசிரியர் பெஞ்சமின் லவெட்டின் பெயரில் 1937-ல் கட்டிய நடன மண்டபமும் உண்டு. நம்மைப் போன்ற ஆட்டக்காரர்கள் அதை ஓடிக்கொண்டே பார்த்துவிட்டு வருவது அநியாயம்.

இலவசம் என்று முன்பதிவை விடுவது

வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் மியூசியங்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அங்குள்ள விமான, விண்வெளி மியூசியத்துக்கு நேரம் குறித்த இலவச அனுமதிச்சீட்டு கேட்கிறார்கள். கிளம்பும் முன் எடுத்துவிடுங்கள்.

சிலிண்டரை மறந்து சுரங்கச் சாலையில் போவது

வடக்கிலிருந்து வாஷிங்டனுக்கு வருகிறவர்கள் பால்டிமோரில் மாட்டுவார்கள். 10 பவுண்டுக்கு மேற்பட்ட புரொப்பேன் சிலிண்டரோடு அங்குள்ள இரண்டு துறைமுகச் சுரங்கங்களிலும் நுழையக் கூடாது. டிரெய்லரின் முன்னால் இருப்பது பெரும்பாலும் 20 அல்லது 30 பவுண்டு சிலிண்டர். முன்பு துறைமுகத்தின் குறுக்கே இருந்த கீ பாலம் வழியாகச் சுற்றிப் போவோம். 2024 மார்ச்சில் கப்பல் மோதி அது விழுந்த பிறகு, ஊரைச் சுற்றும் 695 நெடுஞ்சாலையின் மேற்குப் பக்கமாகத்தான் போக வேண்டும். கார் நேவிகேஷனுக்கு உங்கள் சிலிண்டர் தெரியாது, நேராகச் சுரங்கத்துக்கே கூட்டிப்போகும். வழியைக் கிளம்பும் முன்பே கையால் மாற்றி வையுங்கள்.