கார்பன் ஃபில்டர்: கழுவினால் மீள்வது எது, சூளைக்குப் போகவேண்டியது எது

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் கேன் வாட்டர் போடுகிறவர்களும், பள்ளிக்கூடம், மண்டபங்களில் ஃபில்டர் வைத்திருப்பவர்களும் தண்ணீரில் வாடை வந்ததும் உள்ளே இருக்கும் கார்பனை, அதாவது அழுக்கை உறிஞ்சும் கரியை, கொட்டிவிடுகிறார்கள். இல்லையென்றால் வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடுகிறார்கள். வெயில் ஈரத்தைத்தான் எடுக்கும். நுண்துளைக்குள் ஒட்டிய அழுக்கு அப்படியே இருக்கும். கோளாறு எது என்று கண்டுபிடித்த பிறகுதான் கார்பனில் கைவைக்கவேண்டும்.

ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள பிரஷர் கேஜைப் பாருங்கள். புதிதில் இருந்த வித்தியாசத்தைவிட அரை கிலோ பிரஷர் கூடியிருந்தால் மண்ணும் வண்டலும் அடைத்திருக்கிறது. பிரஷர் சரியாக இருந்தும் வெளிவரும் தண்ணீரில் குளோரின் சோதிக்கும் கிட் மஞ்சள் காட்டினால், அதாவது குளோரின் நீங்காமல் வந்தால், கார்பன் தீர்ந்திருக்கலாம், அல்லது கார்பன் படுகையில் ஓட்டை விழுந்து தண்ணீர் ஒரே வழியாக ஓடலாம். பேக்வாஷ் செய்து, அதாவது தண்ணீரைக் கீழிருந்து மேலாக விட்டுக் கழுவி, படுகை சமமான பிறகும் குளோரின் வந்தால் கார்பன் தீர்ந்துவிட்டது. மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் ஒவ்வொரு பிடி எடுத்துக் கலந்து, லேபில் அயோடின் எண் (கார்பனின் உறிஞ்சும் திறனைக் காட்டும் எண்) பாருங்கள். நல்ல சிரட்டைக் கார்பனுக்கு 1000 அளவில் இருக்கும். 500, 600க்கு இறங்கிவிட்டால் கழுவிப் பயனில்லை.

சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதி போர்வெல்களில் ஃப்ளோரைடு உண்டு. தண்ணீர் ரிப்போர்ட்டில் அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டியிருந்தால் கார்பனைக் குறை சொல்லாதீர்கள். சாதாரண கார்பன் புதிதாக இருந்தாலும் அதைப் பிடிக்காது.

பேக்வாஷைச் சரியான வேகத்தில் செய்யவேண்டும். டேங்க் 600 மில்லிமீட்டர் விட்டம், 1 மீட்டர் உயரப் படுகை என்றால் கார்பன் சுமார் 280 லிட்டர், எடையில் 135 கிலோ. இதற்கு மணிக்கு 7,000 லிட்டர் வேகத்தில் கீழிருந்து மேலாக 15 நிமிடம் விடவேண்டும். 1,750 லிட்டர் செலவாகும். படுகை கால் பங்காவது எழும்பினால்தான் வண்டல் பிரியும். ஃபில்டருக்குப் போடும் சாதாரண மோட்டாரையே இதற்கும் ஓட்டிவிட்டு, “பேக்வாஷ் பண்ணியும் சரியாகலை” என்பதுதான் பெரும்பாலான இடங்களில் நடக்கிறது. வெளியேறும் தண்ணீரை வெள்ளை வாளியில் பிடியுங்கள். கறுப்புத் தூள் வரலாம். மணிமணியாகக் கார்பன் வந்தால் வால்வைக் குறையுங்கள்.

இரும்புத் தண்ணீரால் மணிகள் செம்மண் பூசியதுபோல் இருந்தால், கார்பனை பிளாஸ்டிக் டிரம்மில் எடுத்து 2 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 3 மணி நேரம் ஊறவையுங்கள். கடையில் கிடைக்கும் 30 சதவீத அமிலம் 6 லிட்டரை 94 லிட்டர் தண்ணீரில் ஊற்றவேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றக்கூடாது. கையுறை, கண்ணாடி கட்டாயம். கழுவும் தண்ணீரின் பி.எச். உங்கள் போர்வெல் தண்ணீரின் பி.எச்.சுக்கு வரும்வரை அலசுங்கள். ஸ்டீல் டேங்குக்குள் இதைச் செய்தால் டேங்க் அரித்துப்போகும்.

வழவழப்பும் அழுகிய வாடையும் இருந்தால் பாக்டீரியா குடியேறியிருக்கிறது. பிளீச்சிங் பவுடர் போடாதீர்கள். மேலடுக்கே குளோரினை முழுக்கத் தின்றுவிடும், அடியில் இருப்பது சாகாது, கார்பனும் வீணாகும். அமிலம் பட்ட கார்பனில் போட்டால் விஷவாயுவே கிளம்பும். 80 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்து அலசுங்கள். எஃப்.ஆர்.பி. (ஃபைபர்) டேங்க் 50 டிகிரிக்கு மேல் தாங்காது. அதனால் கார்பனை வெளியே எடுத்துத்தான் செய்யவேண்டும்.

எடுப்பதற்காகப் பெரிய டேங்குக்குள் யாரும் இறங்கவேண்டாம். ஈரக் கார்பன் உள்ளிருக்கும் காற்றின் ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளும். இறங்கியவர் மூச்சடைத்து விழுவார். தண்ணீரோடு ஹோஸ் வழியே வெளியேற்றுங்கள்.

தீர்ந்துபோன கார்பனை உண்மையில் மீட்பது சூளைதான். 100 டிகிரியில் ஈரம் போகும், 650 டிகிரிக்குள் ஒட்டிய கரிமப் பொருள் ஆவியாகியும் கரிந்தும் போகும், 800 முதல் 900 டிகிரியில் நீராவி அந்தக் கரிந்த மிச்சத்தைத் தின்று துளையைத் திறக்கும். ஒவ்வொரு முறையும் 5 முதல் 10 சதவீதம் எடை குறையும். அந்த அளவுக்குப் புதுக் கார்பன் சேர்க்கவேண்டும். பொள்ளாச்சிப் பக்கம் சிரட்டைக்கரிச் சூளைகள் இருக்கின்றனவே, அதில் போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே நீராவி கிடையாது; புகைத் தார் படிந்து துளை மேலும் அடைபடும். திறந்த நெருப்பில் போட்டால் சாம்பல்தான் மிஞ்சும்.

சூளைக்கு அனுப்பும்போது இரண்டைக் கேட்டு வாங்குங்கள்: உங்கள் கார்பனைத் தொழிற்சாலைக் கழிவுக் கார்பனோடு கலக்காமல் தனியாகச் சுடவேண்டும், திரும்பி வரும்போது அயோடின் எண் ரிப்போர்ட் வேண்டும். நூறு, இருநூறு கிலோவை இப்படித் தனியாகச் சுட்டுத் தரமாட்டார்கள். வண்டி வாடகைக்கும் கட்டாது. அந்த அளவுக்குப் புதிதாக வாங்குவதே நல்லது. வீட்டு ஆர்.ஓ. மெஷினில் கட்டியாக இருக்கும் கார்பன் பிளாக், பிளாஸ்டிக்கால் ஒட்டியது. அதைச் சுடவே முடியாது.

திரும்பப் போடும்போது டேங்கில் பாதி தண்ணீர் நிரப்பி, அதன்மேல் கார்பனைக் கொட்டுங்கள். 24 மணி நேரம் ஊறி, துளைக்குள் இருக்கும் காற்று வெளியேறட்டும். பிறகு தெளியும்வரை பேக்வாஷ். சுட்ட கார்பன் முதலில் பி.எச்.சை ஏற்றிவிடும், அது இறங்கும்வரை வரும் தண்ணீரைத் தென்னைக்கு விடுங்கள், கேனில் பிடிக்காதீர்கள்.