வந்திறங்கிய நாளின் விலை

யாழ்ப்பாணத்தில் வாங்கிய பிட்காயினில் கொஞ்சத்தை ரொறன்ரோ வந்தபின் விற்றேன். வரிப் படிவம் நிரப்பியவர், பழைய வாங்கு விலையையே போட்டுவிட்டார். இலாபம் பயங்கரமாக ஏறிவிட்டது. கனடாச் சட்டமோ, ஒருவர் அங்கே வதிவாளராகும் (வரிக்காக அங்கே வசிப்பவராகக் கணக்கிடப்படும்) நாளில் தன் சொத்தை அன்றைய சந்தை விலைக்கு வாங்கியதாகக் கருதுகிறது. அந்த நாளில் பிட்காயினின் கனடா டொலர் விலையும் என் கையிருப்புக் கணக்கும் வேண்டும். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி வீட்டில் கிடந்த பழைய மடிக்கணினியில் இருந்து தம்பி பதிவுகளை எடுத்து அனுப்பினான் (இரவிரவாகத் திட்டிக்கொண்டுதான்). கணக்குத் திருந்தியது.

பிட்காயின் போன்ற ஒரு கிரிப்டோ நாணயத்தை இன்னொன்றாக மாற்றினாலும் கனடாவில் அது விற்பனைதான். இலங்கை வதிவும் பிளேன் ஏறியவுடன் அறுந்துவிடாது: வரியாண்டுக்குள் தொடங்கும் அல்லது முடியும் ஏதாவது 12 மாதத்தில் 183 நாள் நின்றிருந்தாலே, அந்த ஆண்டில் கொஞ்சம் இருந்தவரும் வதிவாளர்தான்.