ஆற்றுக்கும் சேர்த்து மனுப் போடுங்கள்

காட்டில் தலைமுறையாக வாழ்வோருக்கு உரிமை தரும் வன உரிமைச் சட்டம் என்றாலே எங்கள் மாயாற்றங்கரை இருளர் ஊர்களில் பட்டா பற்றித்தான் பேச்சு. வீட்டுக்கும் உழுகிற நிலத்துக்கும் கேளுங்கள், சரி. ஆற்றை விட்டுவிடாதீர்கள். மீன் பிடிப்பதும் நீர்நிலையைப் பயன்படுத்துவதும் சமூக உரிமை என்று 2006 சட்டத்தின் 3-ஆம் பிரிவு சொல்கிறது. அதற்கு ‘பி’ படிவம். காட்டைக் காத்து நிர்வகிக்கும் உரிமைக்கு ‘சி’ படிவம். இரண்டையும் போடுங்கள்.

முதலில் கிராம சபையில் வன உரிமைக் குழு அமையுங்கள்: 10 முதல் 15 பேர், மூன்றில் ஒரு பங்காவது பெண்கள். கணக்குக்காகப் பெண்களைச் சேர்க்காதீர்கள். எந்த ஊற்று எந்த மாதம் வற்றும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம் ஆற்றோடு நடக்க வேண்டும். கோடையில் நடங்கள், தண்ணீர் இறங்கி மடுவெல்லாம் தெரியும். மீன் பிடிக்கும் மடு, மாடு இறங்கும் துறை, சாமி கும்பிடும் இடம், பழைய இடுகாடு எல்லாவற்றையும் ஊர் சொல்லும் பெயரிலேயே குறியுங்கள். இந்தச் சட்டத்துக்கான விதிகளில் விதி 13 இவற்றைச் சான்றாக ஏற்கிறது. எங்களோடு வந்த பாட்டி ஒரு பாறையில் உட்கார்ந்துகொண்டு, “இதுக்கு அடியிலதான் எங்கம்மா நண்டு புடிப்பா, நான் கூடையைப் புடிச்சுக்கிட்டு நிப்பேன்” என்றார். அதை அப்படியே எழுதிக்கொண்டோம். கோரிக்கை வைக்காத பெரியவரின் வாக்குமூலத்தையும் விதி கேட்கிறது. பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் வாங்கிவிடுங்கள். செயற்கைக்கோள் படத்தில் தெரியவில்லை என்று யாராவது சொன்னால் மலைக்காதீர்கள். அந்தப் படம் துணைச் சான்றுதான், மற்றச் சான்றுகளுக்கு மாற்று ஆகாது.

மனுவின் மேல் தீர்மானம் போடும் நாளில் கிராம சபை உறுப்பினர்களில் பாதிப் பேராவது இருக்க வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். வேலை நாளில் கூட்டினால் ஆள் சேராது. இந்தச் சபையின் பலம் தெரிய வேண்டுமானால் ஒடிசாவின் நியம்கிரி மலையைப் பாருங்கள். அங்கே சுரங்கம் தோண்டலாமா என்ற முடிவை 2013-இல் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளிடம் விட்டது. 12 சபைகளும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன.

சபையின் தீர்மானம் அடுத்து உட்கோட்ட அளவிலான அதிகாரிகள் குழுவுக்குப் போகும். அந்தக் குழு நிராகரித்தால் முடிவை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 60 நாளுக்குள் ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவிடம் முறையிடலாம்.

உரிமைப் பத்திரம் வந்தபின் 5-ஆம் பிரிவு உங்கள் கையில்: நீராதாரத்தைக் கெடுக்கும் வேலையைச் சபை தடுக்கலாம். முதல் தீர்மானம் வெடி வைத்து மீன் பிடிப்பதற்கு எதிராக இருக்கட்டும். குஞ்சு குளுவான்வரை மிதக்கவிடும் வேலை அது. மினிட் புத்தகத்தில் எழுதி, எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி, நகலை வனச்சரக அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டோடு வாருங்கள்.