முதல்ல நிறத்துக்கு ஒரு பேர் வைங்க, அப்புறம் போட்டோ எடுங்க

செட்டிநாடு பாக்க வர்றவங்க நெறைய பேரு பெரிய வீட்டு முகப்பு, பர்மா தேக்குத் தூணு, நிலைக்கதவு இதை மட்டும் எடுத்துட்டு கார்ல ஏறிடுறாங்க. எனக்கு இதுல உண்மையாவே வருத்தம் உண்டு. காரைக்குடி தெருவுல, கானாடுகாத்தான் சந்துல, ஊருணிக் கரையில தெனம் கண்ணுல படுற நிறங்களை எடுக்குறதுக்கு டிக்கெட்டும் வேணாம் பெரிய கேமராவும் வேணாம், கையில இருக்குற போனே போதும், ஆனா கண்ணைக் கொஞ்சம் பழக்கணும்.

பழக்குறதுக்கு நல்ல வழி ஜவுளிக்கடையில இருக்கு. புடவை எடுக்க வர்ற ஆச்சிமாரு வெறும் பச்சைன்னு என்னைக்காவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா? கிளிப்பச்சை, பாசிப்பச்சை, இலைப்பச்சைன்னுதான் கேப்பாங்க. சிவப்புன்னா அரக்கா, குங்குமமா, செங்கல்லா, மிளகாப்பழமான்னு பிரிப்பாங்க. வெங்காயக் கலர், கத்தரிப்பூ, மயில்கழுத்து, மாம்பழ மஞ்சள்னு நம்ம பாஷையில நிறத்துக்கு எவ்வளவு பேரு இருக்கு பாருங்க. பேரு தெரிஞ்சாத்தான் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்னு நான் உறுதியா நம்புறேன். அதனால மொத ஒரு வாரம் போட்டோவே எடுக்காதீங்க, வீட்டுலேருந்து பஸ் ஸ்டாண்டு போறதுக்குள்ள பத்து நிறம் பாத்து, நல்லாப் பொருந்துற பேரா யோசிச்சு போன் நோட்ஸ்ல எழுதுங்க. பேரு இல்லாத நிறம் வந்தா நீங்களே வைங்க, நான் துருப்பிடிச்ச ஒரு கேட்டுக்கு "பழைய கருப்பட்டி"ன்னு வெச்சிருக்கேன்.

அடுத்த வாரத்துலேருந்து ஒரு நாளைக்கு ஒரே ஒரு நிறம். இன்னைக்கு மஞ்சள்னா மஞ்சள் மட்டும்தான், மத்த எது எவ்வளவு அழகா இருந்தாலும் விட்டுடுங்க. ஆட்டோ மஞ்சள், கோயில் வாசல் கடையில மஞ்சக்கிழங்கு, பூக்கடை சாமந்தி, கண்டாங்கிப் புடவையில வர்ற அந்தக் கடுகு மஞ்சள், நாலும் வேற வேறன்னு ஒரே காலையில புரிஞ்சிடும். கண்டாங்கிக்கு 2019ல புவிசார் குறியீடு கெடச்சுது, கட்டமும் பட்டைக் கரையுமா பழைய மாதிரி நெய்ததுல கடுகு மஞ்சளுக்குப் பக்கத்துல அரக்கோ கறுப்போ வந்து நிக்கும். மஞ்சள் ஏன் அப்படி எரியுதுன்னா பக்கத்துல இருக்குற கறுப்பாலதான். நிறத்தை எடுக்குறப்ப அது எதுக்குப் பக்கத்துல இருக்குன்னும் சேத்து எடுங்க.

நேரம் முக்கியம். காலைல ஆறரையிலேருந்து எட்டரை, சாயங்காலம் நாலரைக்கு மேல. செம்மண்ணும் செம்பாறாங்கல்லும் அந்த வெயில்லதான் உயிரோட இருக்கும், மழை பெஞ்சு நின்ன அரை மணி நேரத்துல இன்னும் அழுத்தமா தெரியும், ஈரத்துல மேல்பரப்பு வெளிச்சத்தைச் சிதற விடாதுல்ல அதனால. மத்தியான வெயில்ல தெரு எல்லாம் வெளுத்துப் போயிடும், அந்த நேரத்துல வளவுக்குள்ள, அதாவது வீட்டு நடுவுல தொறந்த முற்றமும் சுத்தித் தாழ்வாரமும் இருக்குற கட்டுக்குள்ள போங்க. காரைக்குடி கிட்டத்தட்ட 10 டிகிரி வடக்குல இருக்கு, அதனால சித்திரை பொறக்குற சமயத்துலயும் ஆகஸ்ட் கடைசியிலயும் சூரியன் நேரா உச்சந்தலைக்கு மேல வரும், பகல் பன்னெண்டே கால் வாக்குல வளவு முற்றத்துல வெயில் கெணத்துல வாளி எறங்குற மாதிரி நேரா எறங்கும், தூணுக்கு நிழலே இருக்காது. முற்றத்துல விழுந்த வெளிச்சம் தரையில பட்டுத் திரும்பி சுத்துக்கட்டு கூரை அடியில இருக்குற கலரையெல்லாம் கீழேருந்து காட்டும், வேற நேரத்துல அது இந்த அளவுக்குக் கெடைக்காது. பொழுது சாயுறப்ப இன்னொண்ணு கவனிங்க, நம்ம கண்ணுக்கு சிவப்பு மொதல்ல இருட்டாயிடும், நீலமும் பச்சையும் இன்னும் கொஞ்ச நேரம் நிக்கும். அதனால சிவப்பை முதல்ல எடுத்து முடிச்சுட்டு நீலக் கதவுக்கு வாங்க.

வெள்ளைதான் கஷ்டம். செட்டிநாட்டுச் சுவர்ப்பூச்சுல சுண்ணாம்போட முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய் எல்லாம் சேத்து அரைச்சு பளிங்கு மாதிரி தேச்சிருப்பாங்க, தொட்டா குளுகுளுன்னு இருக்கும். அதைப் போன் சாம்பலா ஆக்கிடும், ஏன்னா எதைக் காட்டினாலும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரத்தான் பாக்கும். திரையில சுவரைத் தொட்டு அழுத்திப் பிடிச்சா ஃபோகஸ் லாக் ஆகும், பக்கத்துல வர்ற சூரியன் குறியை மேல தள்ளுங்க, வெள்ளை வெள்ளையா வரும். குங்குமம், செம்பருத்தி மாதிரி கடும் சிவப்புக்கு நேர் எதிரா கீழ தள்ளணும், இல்லாட்டி சென்சார்ல சிவப்பு மட்டும் முன்னாடியே நெறஞ்சு வழிஞ்சு இதழ்ல இருக்குற வரி எல்லாம் அழிஞ்சு ஒரே திட்டா ஆயிடும். போன்ல ப்ரோ மோடு இருந்தா வொயிட் பேலன்ஸை (வெளிச்சத்தோட நிறத்தைச் சரிக்கட்டுற அமைப்பு) 5200, 5500 கெல்வின்ல நிறுத்திடுங்க, ஆட்டோவுல விட்டா சாயங்கால வெயிலோட மஞ்சளைத் தப்புன்னு நெனச்சு தொடச்சு எடுத்துடும். இன்னும் ஒண்ணு, பழைய வெள்ளையடிச்ச சுவர் சிலது லேசா நீலமா தெரியும், அது போன் கோளாறு இல்ல, சுண்ணாம்புல நீலம் கலந்து அடிக்குறது நம்ம வழக்கம், அதைத் திருத்திடாதீங்க.

இங்க வீட்டுத் தரையில பதிக்குற ஆத்தங்குடி கல்லைப் பத்தி சொல்லாம முடியாது. அது அச்சடிச்ச டைல்ஸ் இல்ல. கண்ணாடி மேல டிசைன் ஃப்ரேமை வெச்சு, ஒவ்வொரு அறையிலயும் கலர் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கையால ஊத்தி, ஃப்ரேமைத் தூக்கிட்டு, மேல சிமெண்டும் அந்த ஊரு மணலும் போட்டு, தண்ணியில ஊறவெச்சு காய வெப்பாங்க, சூளை கெடையாது, அந்தப் பளபளப்பு கண்ணாடிகிட்ட இருந்து வாங்குனது. கையால ஊத்துறதால ஒரு கல்லோட சிவப்பும் அடுத்த கல்லோட சிவப்பும் மயிரிழை மாறும். அந்த மாற்றத்தைத்தான் எடுக்கணும். போனைத் தரைக்கு இணையா புடிச்சு ஒன்பது கல்லு மட்டும் எடுங்க, ஃப்ளாஷ் போடாதீங்க, ட்யூப்லைட் எரிஞ்சா கேட்டுட்டு அணைச்சுடுங்க. சாய்வா எடுக்குறப்ப பளிச்சுனு கண்ணாடி மாதிரி அடிச்சா, போலரைஸ்டு கூலிங்கிளாஸை லென்சுக்கு முன்னாடி வெச்சு மெதுவா திருப்புங்க, மினுக்கு எறங்கி நிறம் மேல வரும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைகள்ல மங்குச் சாமான், அதாவது எனாமல் பூசுன இரும்புப் பாத்திரம், அடுக்கி வெச்சிருப்பாங்க, வெள்ளைத் தட்டுக்கு நீல விளிம்பு, பச்சைத் தூக்கு, அங்கங்க எனாமல் பேந்து கறுப்பு இரும்பு தெரியும், அந்தக் கறுப்புப் புள்ளியை வெட்டிடாதீங்க. பனையோலைக் கொட்டான்ல (ஓலைக் கூடைதான்) சாயம் ஏத்துன ஓலையும் ஏத்தாத ஓலையும் கிட்ட கிட்ட வரும், நெழல்ல எடுத்தாதான் நல்லாருக்கும். சாப்பாட்டுல எனக்கு ரொம்பப் பிடிச்சது கவுனி அரிசி, பச்சையா இருக்குறப்ப கறுப்பு, வெந்தா கத்தரிப்பூ நிறத்துக்கு வந்துடும், ஜன்னலோரத்துல வெச்சு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எடுங்க.

கேக்காம எடுக்கவே எடுக்காதீங்க. பூட்டிக் கெடக்குற வீடுன்னாலும் அது பத்துப் பதினஞ்சு பங்காளிக்குச் சொந்தமா இருக்கும், காவலுக்கு ஒருத்தர் இருப்பாரு. கோயில் உள்ள வேணாம். திண்ணையில யாராவது இருந்தா நின்னு பேசுங்க. பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு நீலக் கதவு முன்னாடி நின்னு, "ஆச்சி, இந்தக் கதவை மட்டும் ஒரு படம் எடுத்துக்கிடலாமா?"ன்னு கேட்டேன். "எடுத்துக்க தம்பி, ஆனா அது நீலம் மட்டும் இல்ல, கீழ பாரு"ன்னாங்க. குனிஞ்சு பாத்தா கால் படுற எடத்துல பெயிண்ட் உரிஞ்சு நீலத்துக்கு அடியில பச்சை, பச்சைக்கு அடியில ஒரு காவி, அதுக்கும் கீழ தேக்கு. ஒவ்வொரு விசேஷத்துக்கும் ஒரு பூச்சுன்னு சொல்லி எந்தக் கலரு யாரு கல்யாணத்துக்குன்னு வரிசையா சொன்னாங்க. கதவை விட்டுட்டு அந்த உரிஞ்ச எடத்தைத்தான் எடுத்தேன்.

எடுத்த படத்துல சாச்சுரேஷனை, அதாவது நிறத்தோட அழுத்தத்தை, ஏத்தாதீங்க. தேதி போட்டும் சேமிக்காதீங்க, நிறத்தோட பேருல ஃபோல்டர் போடுங்க: அரக்கு, பாசிப்பச்சை, பழைய கருப்பட்டி. பள்ளத்தூர்க் கதவை எதுல போடுறதுன்னு தெரியாம அதுக்குத் தனியா ஒரு ஃபோல்டர் போட்டேன், "ஆச்சி வீட்டுக் கல்யாணங்கள்"னு.