குழாய் வந்தால் காஸ் வந்துவிடுமா? கடலூர், புதுச்சேரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாலையோரம் மஞ்சள் குழாயைச் சுருள் சுருளாக இறக்கிப் போட்டதுமே ஊரில் பேச்சு மாறிவிடுகிறது. இனி சிலிண்டர் புக் பண்ணிக் காத்திருக்க வேண்டாம் என்று வீட்டில் சந்தோஷப்படுகிறார்கள். சிப்காட் பக்கம் பாய்லர் வைத்திருப்பவர், ஃபர்னஸ் ஆயிலை விட்டுவிடலாமா என்று கணக்குப் போடுகிறார். இரண்டு ஆசையும் நியாயமானதுதான். ஆனால் எரிவாயு யாருக்கு, எந்த வரிசையில், என்ன விலைக்குக் கிடைக்கும் என்பதைக் குழாய் தீர்மானிப்பதில்லை. டெல்லியில் எழுதப்படும் விதிகள் தீர்மானிக்கின்றன. அந்த விதிகளைப் பார்க்காமல் போடும் கணக்குதான் பெரும்பாலும் பிசகுகிறது.

முதல் தவறு, பக்கத்தில் எடுக்கும் காஸ் நமக்கு மலிவாகக் கிடைக்கும் என்று நினைப்பது. காவிரிப் படுகையில் ஓஎன்ஜிசி பல பத்தாண்டுகளாக எண்ணெயும் எரிவாயுவும் எடுத்து வருகிறது. காரைக்காலை ஒட்டிய திருமலைராயன்பட்டினத்தில் புதுச்சேரி அரசின் மின் நிறுவனம் 32.5 மெகாவாட் நிலையம் ஒன்றை நடத்துகிறது. அது எரிப்பது நரிமணம் பக்கத்துக் காஸ்தான். கிணறும் பக்கத்தில், ஆலையும் பக்கத்தில். அப்படியானால் விலையும் உள்ளூர் விலையாகத்தானே இருக்க வேண்டும்?

அப்படி இல்லை. 2014-இல் கொண்டுவந்த விதிப்படி, ஓஎன்ஜிசியின் பழைய வயல்களில் எடுக்கும் காஸுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மத்திய அரசு விலை அறிவித்தது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ரஷ்யா ஆகிய நாடுகளின் சந்தை விலையை வைத்து அந்தக் கணக்கு போடப்பட்டது. 2020 அக்டோபரில் பத்து லட்சம் பிரிட்டிஷ் வெப்ப அலகுக்கு 1.79 டாலர். இந்த அலகைத்தான் தொழிலில் எம்எம்பிடியு என்கிறார்கள். ஒன்றரை வீட்டுச் சிலிண்டர் தரும் வெப்பம் என்று வைத்துக்கொள்ளலாம். 2022 அக்டோபரில் அதே அளவுக்கு 8.57 டாலர். கிணறு அதேதான், குழாய் அதேதான், காஸும் அதேதான். உக்ரைனில் போர் மூண்டு ஐரோப்பாவில் விலை ஏறியதும் நரிமணத்துக் காஸும் ஏறிவிட்டது.

அதன் பிறகு 2023 ஏப்ரலில் விதியை மாற்றினார்கள். இந்தியா வாங்கும் கச்சா எண்ணெயின் மாதச் சராசரி விலையில் பத்து சதவீதம், ஆனால் 4 டாலருக்குக் கீழும் 6.5 டாலருக்கு மேலும் போகக் கூடாது என்றார்கள். அந்த உச்சவரம்பு இரண்டு ஆண்டு அப்படியே இருந்தது. பிறகு ஆண்டுக்கு கால் டாலர் கூட்டுவது என்று ஏற்பாடு.

சரி, உச்சவரம்பு வைத்துவிட்டார்கள், இனி கவலை இல்லை என்று இருந்துவிடுவது அடுத்த தவறு. கச்சா எண்ணெய் பீப்பாய் 80 டாலர் என்று வையுங்கள். விதிப்படி காஸ் 8 டாலர் ஆக வேண்டும், தொடக்கத்தில் வைத்த வரம்பு அதை 6.5-இல் நிறுத்திவிடும். வாங்குபவருக்கு லாபம். ஆனால் பழைய வயல் வற்றிக்கொண்டே வரும். அதை ஈடுகட்டப் புதுக் கிணறு தோண்ட இந்த விலை போதாது என்று எடுப்பவர் சொல்வார். அதற்காகவே ஓஎன்ஜிசி, ஆயில் இந்தியா தோண்டும் புதுக் கிணறுகளின் காஸுக்குக் கச்சா எண்ணெய் விலையில் பன்னிரண்டு சதவீதம் என்று தனி விலை கொடுத்தார்கள். 80 டாலர் எண்ணெய்க்கு அது 9.6 டாலர். ஆக, வரம்புக்குள் வரும் மலிவுக் காஸின் பங்கு ஆண்டுக்கு ஆண்டு தேயும், விலை கூடிய காஸின் பங்கு வளரும். விலையைக் கட்டினால் நாளைய வரத்து குறையும், அவிழ்த்துவிட்டால் இன்றைய ஆலை மூடும். ஒழுங்குமுறையின் உண்மையான இக்கட்டு இதுதான். எந்த அரசு வந்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது என்பது என் எண்ணம்.

இந்த மலிவுக் காஸ் எல்லோருக்கும் கிடைப்பதும் இல்லை. ஊருக்குள் குழாய் போட்டு காஸ் விற்கும் நகர எரிவாயு நிறுவனங்களைப் பொறுத்தவரை, வீட்டுக் குழாய்க்கும் வண்டிக்குப் போடும் சிஎன்ஜிக்கும்தான் அதில் முன்னுரிமை. சிப்காட்டில் இருக்கும் சாயப்பட்டறைக்கோ மருந்து ஆலைக்கோ அதே குழாயில் வரும் காஸ், பெரும்பாலும் கப்பலில் வந்த எல்என்ஜியின் (குளிரூட்டித் திரவமாக்கிய எரிவாயுவின்) விலையில்தான் கிடைக்கும். வீட்டு பில்லில் கன மீட்டர் விலையைப் பார்த்துவிட்டு ஆலைக்குக் கணக்குப் போடாதீர்கள். முன்னுரிமை உள்ளவர்களுக்கும் அது நிரந்தர உத்தரவாதம் அல்ல. 2024 அக்டோபர், நவம்பரில் சிஎன்ஜிக்கான மலிவுக் காஸ் ஒதுக்கீட்டை நாடு முழுக்க வெட்டினார்கள். நிறுவனங்கள் விலை கூடிய காஸை வாங்கித்தான் அந்தக் குறையை நிரப்ப வேண்டியிருந்தது.

வரியில் நடக்கும் தவறு இன்னும் சத்தமில்லாதது. இயற்கை எரிவாயு இன்னும் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. பெட்ரோல், டீசல் மாதிரியே மாநிலம் வாட் போடுகிறது. ஆலைக்கு வாங்கும் எல்பிஜிக்கும் ஃபர்னஸ் ஆயிலுக்கும் ஜிஎஸ்டி உண்டு, அதை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். காஸுக்குக் கட்டும் வாட்டை ஜிஎஸ்டியில் கழிக்க வழியில்லை. எனவே இரண்டு எரிபொருளின் பில் தொகையை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் காஸ் மலிவாகத் தெரியும், வரி கழித்த பிறகு தெரியாமலும் போகலாம். பெண்ணையாற்றுக்கு அந்தப் பக்கம் கொஞ்ச தூரம் போனால் மாநிலம் மாறிவிடும், வாட் விகிதத்தை நிர்ணயிப்பதும் வேறு அரசு. கடலூரில் ஒரு யூனிட், புதுச்சேரியில் ஒரு யூனிட் வைத்திருப்பவர் இரண்டுக்கும் ஒரே கணக்கைப் போடக் கூடாது.

சட்டத்தைப் பற்றிப் பேசும்போது இரண்டு தரப்பும் தவறு செய்கிறது. டெல்டாவில் புதிதாக எண்ணெய், எரிவாயு எடுப்பதைத் தடுக்க, 2020 பிப்ரவரியில் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. கடலூர் மாவட்டம் முழுக்கப் பாதுகாக்கப்பட்டுவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் சேர்த்தது காட்டுமன்னார்கோவில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி ஆகிய ஐந்து ஒன்றியங்களை மட்டும். கடலூர் நகரம் அதில் இல்லை. புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் பொருந்தாது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கிணறுகளையும் சட்டம் மூடவில்லை. எண்ணெய், எரிவாயு வயல்களைப் பற்றிய அதிகாரம் அரசியலமைப்பில் ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது. அந்தச் சட்டத்துக்கு ஒரு மாதம் முன்பு, 2020 ஜனவரியில், எண்ணெய் எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லாத வகையில் டெல்லி சுற்றுச்சூழல் விதியைத் தளர்த்தியிருந்தது. ஆகவே ‘சட்டம் வந்துவிட்டது, எல்லாம் நின்றுவிட்டது’ என்பது சரியல்ல.

மறுபக்கம், ‘விவசாயிகள் தடுத்ததால்தான் நாட்டில் காஸ் இல்லை’ என்பதும் சரியல்ல. இந்தியா 2004-இலேயே குஜராத்தின் தகேஜ் துறைமுகத்தில் எல்என்ஜி இறக்கத் தொடங்கிவிட்டது. ஆந்திரக் கடலில் கேஜி-டி6 வயல் எதிர்பார்த்த அளவு கொடுக்காமல் சரிந்தபோது நாடு முழுக்க காஸ் மின் நிலையங்கள் சும்மா கிடந்தன. அதெல்லாம் இந்தச் சட்டத்துக்குப் பல ஆண்டுகள் முன்னால். இன்று நாம் எரிக்கும் காஸில் ஏறத்தாழ பாதி வெளிநாட்டிலிருந்து வருகிறது.

எண்ணூர் இருக்கிறதே என்று நம்பி இருந்துவிடுவது அடுத்த தவறு. அங்கே இந்தியன் ஆயிலின் எல்என்ஜி முனையம் 2019-இல் திறந்தது, ஆண்டுக்கு 50 லட்சம் டன் இறக்கலாம். அங்கிருந்து புதுச்சேரி, நாகப்பட்டினம், மதுரை, தூத்துக்குடி வரை இணைக்கும் 1,400 கிலோமீட்டருக்கு மேற்பட்ட குழாய்த் திட்டம் வகுக்கப்பட்டது. முனையம் ஒரு கதவு மட்டுமே. கதவு வழியாக என்ன வரும் என்பது கப்பல் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. 2022-இல் நடந்ததைப் பாருங்கள். ரஷ்யாவின் காஸ்பிரோம் குழுமத்திலிருந்து பிரிந்த நிறுவனம், மத்திய அரசின் காஸ் நிறுவனமான கெயிலுக்குத் தர வேண்டிய கப்பல்களைத் தரவில்லை. நீண்டகால ஒப்பந்தம் இருந்தும் கெயில் தன் வாடிக்கையாளர்களுக்கு வெட்டு வைத்தது. உடனடிச் சந்தையில் வாங்கலாம் என்றால், அங்கே ஐரோப்பா எந்த விலை கொடுக்கவும் தயாராக நின்றது. 2024-இல் எல்என்ஜி இறக்குமதி நிறுவனமான பெட்ரோநெட், கத்தாருடனான ஆண்டுக்கு 75 லட்சம் டன் ஒப்பந்தத்தை 2048 வரை நீட்டித்தது. நல்ல காரியம்தான். ஆனால் கத்தார்க் கப்பல் அத்தனையும் ஈரானை ஒட்டிய குறுகலான ஹோர்முஸ் நீரிணை வழியாகத்தான் வர வேண்டும். அவசரத்துக்கு விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூரில் கச்சா எண்ணெய்ச் சேமிப்பு வைத்திருக்கும் நாடு, காஸுக்கு அப்படி எதையும் வைத்துக்கொள்ளவில்லை.

போட்டி இருக்கிறதே, ஒருவர் சரியில்லை என்றால் இன்னொருவரிடம் மாறிக்கொள்ளலாம் என்று கையெழுத்துப் போடுவதும் வழக்கமான தவறு. நகர எரிவாயு உரிமையை 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஒழுங்குமுறை வாரியம் மாவட்ட வாரியாக ஏலம் விடுகிறது. 2018-இல் நடந்த ஒன்பதாவது சுற்றில், எத்தனை வீட்டு இணைப்பு தருவேன் என்ற வாக்குறுதிக்கு மட்டும் பாதி மதிப்பெண். விளைவு, நம்ப முடியாத எண்ணிக்கைகளை எழுதிக் கொடுத்தார்கள். ஜெயித்தவருக்கு எட்டு ஆண்டு விற்பனைத் தனியுரிமை, குழாய் வலைக்கு இருபத்தைந்து ஆண்டு. விற்பனைத் தனியுரிமை முடியும் வரை உங்கள் தெருவில் ஒரே கடைதான்.

அதனால் ஒப்பந்தத் தாளில் விலையை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். எந்த வகைக் காஸ், விலைச் சூத்திரம் எந்தச் சந்தையோடு கட்டப்பட்டிருக்கிறது, வெட்டு வந்தால் யாருக்கு முதலில் நிறுத்துவார்கள், எடுக்காத காஸுக்கும் பணம் கட்டச் சொல்லும் பிரிவு எத்தனை சதவீதத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். அந்தப் பிரிவு பெரும்பாலும் 80, 90 சதவீதம் என்று இருக்கும். ஆலையை ஒரு மாதம் பராமரிப்புக்கு நிறுத்தினாலும் பில் வரலாம். அப்புறம், காஸ் வந்த குஷியில் பழைய எண்ணெய் பர்னரைக் கழற்றி எடைக்குப் போட்டுவிடாதீர்கள். இரண்டையும் எரிக்கும் பர்னருக்குக் கொஞ்சம் கூடச் செலவாகும், ஆனால் 2022 மாதிரி ஒரு வருஷம் வந்தால் அதுதான் ஆலையை ஓட்டும்.

நெல்லிக்குப்பம், சேத்தியாத்தோப்புப் பக்கம் கரும்பாலைக் கழிவில் உயிரி எரிவாயு (பயோகாஸ்) எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களும் உண்டு. நகர எரிவாயு நிறுவனங்கள் சிஎன்ஜியிலும் வீட்டுக் காஸிலும் அழுத்தப்பட்ட உயிரி எரிவாயுவைக் கலக்க வேண்டும் என்ற விதி 2025-26-இல் ஒரு சதவீதத்தில் தொடங்கி, 2028-29-இல் ஐந்து சதவீதத்துக்குப் போகிறது. ஆலைகளுக்கு அதனால் வருமானம் வரும், செய்ய வேண்டியதுதான். மீதி 95 சதவீதத்துக்கு நரிமணத்தையும் எண்ணூரையும்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.