கிரிட்டிக்கல் அலவன்ஸ் காணாமப் போச்சா? கவர்மெண்ட் டாக்டர்ங்க இப்படி சரி பண்ணுங்க

மலேசியாவுல பினாங்குல இருந்து கேஎல்லுக்கு, அதான் கோலாலம்பூருக்கு, டிரான்ஸ்பர் ஆகி வர்ற டாக்டர்ங்க மொத மாசம் வேலை மும்முரத்துல பேஸ்லிப்ப தொறந்தே பாக்குறதில்ல, அங்கதான் பிரச்சனையே. பேசிக் சம்பளம் ஒழுங்கா வந்துடும், பிஐபிகே, அதான் கிரிட்டிக்கல் அலவன்ஸ், சத்தமில்லாம விட்டுப் போயிடும், ஸ்பெஷலிஸ்டா கெசட் ஆனவங்களுக்கு, அதாவது அதிகாரபூர்வமா அறிவிக்கப்பட்டவங்களுக்கு, பக்கார் இன்செந்திப், அதான் ஸ்பெஷலிஸ்ட் அலவன்ஸ், தொடங்கற தேதி தப்பா ஏறியிருக்கும்.

ஆன்லைன் பேஸ்லிப்பான இ-பென்யாத்தா காஜில பழைய மாசத்தையும் புது மாசத்தையும் பக்கத்துல வெச்சு வரிவரியா பாருங்க.

அடுத்து கியூ 8, அதான் சம்பள மாற்றத்தத் தெரிவிக்கிற பாரம். சம்பளத்துல எந்த மாற்றம்னாலும் இதுதான் ஆதாரம். அதுல இருக்கிற தேதியும் உங்க லெட்டர்ல இருக்கிற தேதியும் ஒத்துப் போகணும், ஒரு நாள் மாறினாலும் விடாதீங்க. தப்பு அதுலயே இருந்தா ஹெச்ஆர்தான் திருத்தி அனுப்பணும், அக்கவுண்ட்ஸ்ல போய் நின்னு பிரயோஜனமில்ல, அவங்க கைக்கு வந்த பேப்பர்படிதான் சம்பளம் போடுவாங்க.

கிராணிகிட்ட (ஆபீஸ் கிளார்க்) வாய்ல சொல்லிட்டு வந்துடாதீங்க லா. லெட்டர் எழுதி, டிரான்ஸ்பர் லெட்டர், வேலைக்கு ரிப்போர்ட் பண்ண லெட்டர், கெசட் லெட்டர், பேஸ்லிப் எல்லாத்தையும் சேத்துக் குடுத்து உங்க காப்பியில தேதியோட சாப் (முத்திரை) வாங்கிக்கோங்க. எச்ஆர்எம்ஐஎஸ்லயும், அதான் அரசு ஊழியர் விவரம் இருக்கிற கம்ப்யூட்டர் சிஸ்டம், திருத்தச் சொல்லுங்க, இல்லன்னா அடுத்த டிரான்ஸ்பர்ல மறுபடியும் இதே தலைவலி.

ராத்திரி முழுக்க வார்டுல நின்னு உழைச்ச காசு, கேக்க கூச்சமே வேணாம். பதிலே வரலன்னா, எம்எம்ஏ, அதான் மலேசிய மருத்துவ சங்கம், உறுப்பினரா இருந்தா அதுல கவர்மெண்ட் டாக்டர்ங்களுக்கான பிரிவு ஸ்கோமோஸ்கிட்ட போங்க. அரியர்ஸ் வர்ற மாசம் பிசிபி, அதான் மாசா மாசம் பிடிக்கிற வரி, கூடுதலா பிடிக்கலாம், வருஷ சம்பள விவரம் இருக்கிற இசி பாரத்தோட ஒத்துப் பாத்துட்டு டேக்ஸ் பைல் பண்ணுங்க.